முசுக்கட்டைக் கலப்பு, வட அமெரிக்கா

சிவப்பு முசுக்கட்டை வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளுக்கு உரிய மரம். பட்டுப்புழு வளர்ப்புக்காகக் குடியேற்றக் காலத்தில் ஆசியாவிலிருந்து கொண்டுபோன வெள்ளை முசுக்கட்டையோடு இது தானாகவே கலக்கிறது. பட்டுத் தொழில் அங்கே நிலைக்கவில்லை; மரம் நிலைத்துவிட்டது. மகரந்தத்தைக் காற்றும் விதையைப் பறவைகளும் சுமப்பதால் வேலி போட்டுப் பயனில்லை. கலப்பினக் கன்றுகள் மலடல்ல. வளர்ந்து, பெற்றோர் இனங்களோடு மறுபடியும் கலக்கும்.

இலையைத் தடவினால் ஓரளவு தெரியும்: சிவப்பின் மேற்புறம் சொரசொரப்பு, அடிப்புறம் மென்மயிர், வெள்ளையின் மேற்புறம் வழவழப்பு. கலப்பினம் இடைப்பட்டது; ஐயமற அறிய மரபணுச் சோதனை வேண்டும். பழத்தின் நிறத்தை நம்பக் கூடாது, வெள்ளை முசுக்கட்டையும் கறுப்பாகப் பழுக்கும். கனடாவில் சிவப்பு முசுக்கட்டை அழியும் நிலையில் உள்ள இனம்; அங்கே தெற்கு ஒன்டாரியோவில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது.