பொய்ச்சீட்டும் ஒப்பு நோக்கும்

வாணிகத்திற்கு முதல் இன்றியமையாதது என்பர். முதலினும் இன்றியமையாதது நம்பிக்கை. அந்நம்பிக்கையைத் தாங்குவது ஏடு. ஏடு பொய்ப்பின் வாணிகமும் பொய்க்கும். இக்காலத்தே, வாங்காத சரக்கிற்குப் பில் அனுப்பிப் பணம் பறிப்பாரும், மெய்யான வியாபாரியின் பெயரைப் பூண்டு வங்கிக் கணக்கெண்ணை மட்டும் மாற்றி எழுதுவாரும் பல்கினர். நம் தருமபுரிப் பக்கத்தில் புளி மண்டியும் மளிகையும் நடத்தும் நம்மவர் இதனைப் புதுமையெனக் கண்டு மருளல் வேண்டா. சீட்டின் மெய்ம்மை தெளியும் வழி நம் நாட்டிற்குப் பழமையானது. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வாம்.

காவிரிப்பூம்பட்டினத் துறையில் ஏற்றுமதிப் பண்டங்கள் மீதும் இறக்குமதிப் பண்டங்கள் மீதும் சோழர்தம் புலிப்பொறி இடப்பட்டதெனப் பட்டினப்பாலை கூறும். கொணர்ந்தோன் வாய்ச்சொல் ஒன்றே அமையாது, பிறிதொரு சான்றும் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

இதனினும் தெளிவான சான்று, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துள் உளது. சுந்தரர் திருமணத்தில் முதியவர் ஒருவர் ஆளோலை காட்டி வழக்கிட்டார். சுந்தரர் அதனைக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே, மூலவோலை வேறு உளது என்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூலவோலையை வாங்கிப் படிப்பித்தனர். சான்றிட்டார் கையெழுத்தை ஆராய்ந்தனர். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்பு நோக்கினர். அதன் பின்னரே தீர்ப்புரைத்தனர். முதியவராய் வந்தவர் சிவபெருமானே என்பது புராணம். இறைவன் கொணர்ந்த ஓலையே ஒப்பு நோக்கப்பெற்றதாயின், அயலான் அனுப்பிய பில்லை ஆராயாது ஏற்பது எங்ஙனம் தகும்?

நம் மாவட்டத்து வரலாறும் இதற்கு இயைவதே. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடு தலைமையில் தாமஸ் மன்றோ முதலியோர் நிலம் அளந்து தீர்வை வகுத்தனர். மன்றோ தருமபுரியில் தங்கிப் பணிபுரிந்தார். அவர்கள் வகுத்த இரயத்துவாரி முறையில் உழவன் பெயராலேயே பட்டா வழங்கலாயிற்று. கேட்பவன் கையில் ஒரு கணக்கு; கொடுப்பவன் கையில் ஓர் ஏடு. மிகுதி கேட்பானை மறுத்தற்கு உழவனுக்கு ஓர் ஆதாரம் உண்டாயிற்று.

இந்நெறி மறந்தார் எத்துணைப் பெரியராயினும் ஏமாறுவர். 2013 முதல் 2015 வரை, லிதுவேனியா நாட்டு எவால்டஸ் ரிமசௌஸ்கஸ் என்பான், குவான்டா என்னும் கணிப்பொறிக் கம்பெனியின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனி பதிந்து, பொய்ப் பில்களைக் கூகுளுக்கும் பேஸ்புக்கிற்கும் அனுப்பி, 12 கோடி டாலருக்கு மேற் கவர்ந்தான். அவ்விரு கம்பெனிகளும் குவான்டாவோடு மெய்யாகவே கொடுக்கல் வாங்கல் உடையன; ஆதலின் ஐயுறவில்லை. 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. பெருங்கம்பெனிகள் இழப்பைத் தாங்கின; சிறு கடைக்காரனுக்கோ ஒரு பொய்ப் பில்லே ஓராண்டு ஊதியத்தை விழுங்கிவிடும்.

ஆதலின் நாம் கொள்ளத்தக்கன இவை: நாம் கொடுத்த ஆர்டர், இறங்கிய சரக்கு, வந்த பில் மூன்றும் ஒத்தாலன்றிப் பணம் செலுத்தற்க. வங்கிக் கணக்கு மாறியதென்று கடிதம் வரின், அக்கடிதத்திற் கண்ட எண்ணை விடுத்து, முன்பே நாம் அறிந்த எண்ணில் விற்றவரை வினவுக. சரக்கு சேவை வரிப் பதிவெண் 15 இலக்கம் உடையது. தமிழ்நாட்டுப் பதிவாயின் 33 என்று தொடங்கும். அதனை அரசின் இணையத்தளத்திற் சரிபார்க்கலாம். சரக்கின்றி வந்த பில்லைக் காட்டி வரிக்கழிவு பெறின், பெற்றதை வட்டியோடு திருப்பவேண்டுவதோடு தண்டமும் நேரும். பணம் போயிற்றென அறிந்தவுடன் நாணி மறைக்காது 1930 என்னும் எண்ணிற்கு முறையிடுக. காலந் தாழ்ப்பின் பணம் கைமாறிப் போம்.

பேரேட்டை நாள்தோறும் எழுதுவான் பொய்ச்சீட்டிற்கு அஞ்சான். ஒப்பு நோக்குதல் பிறரை ஐயுறுதல் அன்று. மெய்யான வியாபாரிக்கு நாம் செய்யும் மரியாதையே ஆகும். நம் சங்கத்து இளைஞர் இதனைக் கடைப்பிடித்து, தம் பெற்றோரின் கடைக் கணக்கிற்குத் துணைநிற்பாராக.