முன்பணமும் பிள்ளைகளும்

குடிக்கு அடிமையான தந்தையின் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றிப் பேச்செழுந்தால், "தகப்பன் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று முடித்துவிடுவது நம்மவரின் வழக்கம். தகப்பன் திருந்தும்வரை பிள்ளை காத்திருக்க இயலுமா? கடந்த தொண்ணூறு ஆண்டு வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

1929இல் அமைக்கப்பெற்ற விட்லி தொழிலாளர் ஆணையம் 1931இல் அறிக்கை அளித்தது. பீடிப் பட்டறைகளில் 5 வயதுக் குழந்தைகளும் நாளொன்றுக்கு 10, 12 மணி நேரம் உழைத்தனர். மிகச் சிறியவர்க்குக் கூலி 2 அணா. சென்னை, அமிர்தசரஸ், அகமதாபாத் போன்ற இடங்களில் பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளையின் உழைப்பை அடகு வைத்தனர். கடன் வாங்கியவர் தகப்பனார், கழித்தவன் பிள்ளை.

இதனைத் தடுக்க 1933இல் ஒரு சட்டம் வந்தது. 15 வயதிற்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர்க்கு 50 ரூபாய் வரையிலும் முதலாளிக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம். குடிகாரத் தகப்பன் அந்த 50 ரூபாய்க்கும் முதலாளியிடம்தானே கையேந்துவான்! மேலும், நியாயமான கூலி, ஒரு வார அறிவிப்பில் விலகும் உரிமை, பிள்ளைக்குத் தீங்கின்மை ஆகியவை இருப்பின் குற்றமில்லை என்று அச்சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்களை அடியோடு நீக்கியது. ஆயினும் 1990களில், அண்ணலின் பெயரைத் தாங்கியிருந்த வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்திலேயே பிள்ளைகள் முன்பணத்திற்காகப் பீடி சுற்றிக்கொண்டிருந்தனர்.

மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணமெங்கும் பரவியது, 1971இல் தளர்ந்தது, பிறகு வந்தது, போயிற்று. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகின்றது. அதன் நன்மை தீமைகளை ஆராய ஈண்டு இடமில்லை. கடை மூடினும் திறப்பினும் பிள்ளைக்குப் பசிக்கும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்டதில் சோற்றுக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் வந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் இவ்வகையில் நினைக்கத்தக்கன. குடிகாரர் வீட்டில் காலையில் அடுப்பெரிவது உறுதியில்லை என்பதை அறிந்தவர்க்கே இம்மூன்றாவதன் அருமை விளங்கும். 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில் உதவித்தொகையைப் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் முறை ஏற்பட்டது. அது தகப்பன் கைக்கு எட்டாத பணம்.

பணத்தால் தீராத ஒன்றும் உண்டு. "நான் சரியாக இருந்தால் அப்பா குடிக்கமாட்டார்" என்று நம்பும் பிள்ளைகளை எம் வகுப்புகளில் பலமுறை கண்டிருக்கிறோம். அது அவர்கள் குற்றமன்று என்பதைத் தனியே அழைத்து, ஒருமுறை அல்ல, பலமுறை கூறவேண்டும். தாமதமாக வரும் பிள்ளையிடம் வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்கலாகாது. கடையிலிருந்து தகப்பனை அழைத்துவரும் வேலையை அப்பிள்ளைமேல் சுமத்தலாகாது. சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது பெரியவர்கள் பொறுப்பு. அடியும் ஆபத்தும் நேர்ந்தால் 1098 என்ற எண்ணைப் பிள்ளையே அழைக்கலாம்.

சங்கத்து இளைஞர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. அவ்வீடுகளில் கூச்சல் எழுவது பெரும்பாலும் இரவு உணவு வேளைக்குப் பிறகே. நம் வாசகசாலையோ எட்டு மணிக்கே பூட்டப்படுகின்றது. முறைவைத்து இருவர் அமர்ந்தால் பத்து மணிவரை விளக்கெரியவிடலாம்.