முள்ளும் சில்லும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றுபவரின் டயருக்கு இரண்டும் வேறு வேறு திணை. கிழக்கே பாவூர்சத்திரம் போகும் பக்கம் வெயில் காய்ச்சிய நிலம். சீமைக்கருவேலும் நெருஞ்சியும் அதன் விளைச்சல். மேற்கே, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலில் ஊறிய சாலை. சீசன் கூட்டம் விட்டுப்போன பாட்டில்களின் உடைசல் அதன் விளைச்சல். அங்கே முள், இங்கே சில்லு.

முள் குத்தும், சில்லு அறுக்கும். முள், தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்பதால் காற்று மெல்லத்தான் கசியும். இரவு நன்றாக நின்ற வண்டி காலையில் ரிம் தரையைத் தொட நிற்கும். சில்லு டயரோடு டியூபையும் கிழித்தால் நூறடி போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஈரம் அதற்குத் துணை: நனைந்த ரப்பரில் கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஆனாலும் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. பட்ட மாத்திரத்தில் டியூபைத் தொடாமல், பல நேரம் இரண்டுமே டயரின் மேல்தோலில் செருகிக்கொண்டு, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே இறங்குகின்றன. ஆகவே காவலும் ஒன்றே: சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்து, செருகியதை ஓர் ஊக்கால் நெம்பி எடுப்பது. டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் முள் ஓட்டையை மூடும். கிழிசலுக்கு அது போதாது. கிழிசலுக்கு, பழைய டயர்த் துண்டொன்றை உள்ளே அணையாகக் கொடுக்க வேண்டும்.

காற்றிலும் இதே இழுபறி. காய்ந்த சாலையில் நிறைய அடித்தால் வண்டி இலகுவாக ஓடும். நனைந்த சாலையில் சற்றுக் குறைத்தால் பிடிப்பு கூடும். ஆனால் அதிகம் குறைத்து, பின்சக்கரத்தில் மூட்டையும் இருந்தால், ஒரு குழியில் ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள் போட்டுவிடும். அந்தப் பஞ்சருக்கு முள்ளும் வேண்டாம், சில்லும் வேண்டாம்.

பஞ்சர் ஒட்டும்போதுதான் பெரிய வேடிக்கை. ஓட்டையைக் காட்டுவது தண்ணீர்; ஒட்டைக் கெடுப்பதும் தண்ணீர். கிழக்கே ஒட்டுவது எளிது, குமிழி பார்க்கத் தண்ணீருக்குத்தான் அலைய வேண்டும். குடிக்கும் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக டியூபின் மேல் விட்டுத் தேட வேண்டும். மேற்கே திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர், உலர்ந்த இடத்துக்குத்தான் அலைய வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருக்கும் ஐந்து நிமிடத்தைச் சாரல் தருவதில்லை. அவசரப்பட்டு வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் சேரும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட கையோடு டியூபைத் தொட்டாலோ, எந்த ஒட்டும் நிற்காது.

ஆக, கிழக்கே மர நிழலில் உட்கார்ந்து அங்கேயே ஒட்டலாம். மேற்கே மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு கிளம்பி, ஓட்டை டியூபை இரவு அறையில் ஒட்டுவதே மேல். எந்தப் பக்கமானாலும், டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று மெல்லத் தடவிப் பாருங்கள். குத்தியது இன்னும் அங்கேயே இருக்கலாம்.