மனவடுவும் மேனிநோயும்

சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்த கும்மிடிப்பூண்டியை ஆலைகளின் ஊராகவே பலரும் அறிவர். அவ்வூருக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது, கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே முகாம் அமைந்தது.

அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். உடுத்த உடையோடு புறப்பட்டவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். போர் ஒன்றுதான்; அதனால் வீடிழந்த பெண்கள் இரு கரைகளிலும் இருந்தனர்.

இத்தகைய பெண்களின் துயர் எவ்வாறு வெளிப்படுகிறது? போரால் பாதிக்கப்பட்ட தமிழ் மக்களிடையே பணியாற்றிய யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், உள்ளத்தின் வேதனை அவர்களிடம் பெரும்பாலும் உடல் உபாதையாகவே வெளிப்படுவதை எடுத்துக்காட்டினார். தலைவலி, நெஞ்சுவலி, உறக்கமின்மை, உடல் அசதி என்று வைத்தியரிடம் செல்பவளைச் சோதித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அவளுடைய வலி பொய்யன்று.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பல்க் பகுதியில் பிறந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வகுத்து எழுதினார். மேனி நோயுற்றால் உள்ளம் தளரும். உள்ளம் நொந்தால் மேனியும் நலிவுறும் என்பதே அவர் விளக்கிய நெறி.

இக்கால ஆராய்ச்சியும் அதையே உறுதி செய்கிறது. அச்சம் நீங்காத உடலில் இரத்த அழுத்தம் உயர்கிறது, உறக்கம் கெடுகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 செவிலியரை 20 ஆண்டுகள் கண்காணித்து 2015இல் வெளிவந்த ஆய்வில், மனவடுவின் அறிகுறிகள் மிகுந்த பெண்களுக்கு இருதய நோய் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே மனவடுவை ஆற்றுவது இருதயத்தைக் காக்கும் முயற்சியிலும் ஒரு பகுதியாகும்.

ஆற்றும் வழி யாது? 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்வாசிகளுள்ளிருந்தே சுகாதாரப் பணியாளரையும் ஆலோசகரையும் உருவாக்கியது. அதே துயரைக் கடந்து வந்தவளிடம் ஒரு பெண் மனம் திறப்பது எளிது. 2021இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஆயினும் மறுவாழ்வு பெயரால் மட்டும் வந்துவிடாது. அச்சமற்ற இல்லமும், உறுதியான வருவாயும், செவி சாய்க்கும் சுற்றமும் வேண்டும்.

நம் இல்லங்களிலும் விதவையர் உண்டு. பிள்ளையை இழந்த தாய்மார் உண்டு. அவர்கள் "தலை வலிக்கிறது" என்று சொல்லும்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் செய்வோம். பின்னர் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பதைக் கேட்போம். நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கம் விதித்த கடமை. உள்ளம் நொந்தவரும் அந்த நோயாளிகளுள் அடங்குவர்.