அமெரிக்க இசைநாடகமும் சமுதாயமும்

அமெரிக்க இசைநாடகம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருவன வண்ண விளக்குகளும் நடனமங்கையரின் அணிவகுப்புமே. நியூயோர்க் நகரின் புறோட்வே அரங்குகளில், பணம் படைத்தோரின் பொழுதுபோக்குக்கென உற்பத்தி செய்யப்படும் சரக்கு அது என்று முற்போக்காளர் ஒதுக்கிவிடுவதுண்டு. கலைக்கும் அரசியலுக்கும் உறவில்லை என வாதிப்போரோ அதனையே தமக்குச் சான்றாகக் காட்டுவர். இரு சாராரும் அந்நாடகத்தின் வரலாற்றை நோக்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

1927 டிசெம்பர் 27இல் 'ஷோ போட்' நியூயோர்க்கில் அரங்கேறியது. எட்னா ஃபேர்பரின் நாவலைத் தழுவி ஒஸ்கார் ஹமர்ஸ்ரைன் எழுத, ஜெரோம் கேர்ண் இசையமைத்தார். மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகச் செல்லும் நாடகப் படகே கதைக்களம். நடிகை ஜூலி கறுப்பினக் கலப்புடையவள், கணவன் வெள்ளையன். கலப்புமணத்தைக் குற்றமெனக் கொள்ளும் சட்டம் அவர்களைத் தேடி வருகின்றது. கணவன் அவளது கையைக் கீறி இரத்தத்தை உறிஞ்சி, தன்னுள்ளும் கறுப்பின இரத்தம் ஓடுவதாகக் கூறத்தக்கவன் ஆகின்றான். சிறைக்குத் தப்பினாலும் இருவரும் படகை விட்டு வெளியேற நேர்கின்றது. இத்துணை துணிவுடைய அந்நாடகத்திலேயே, குயீனி என்ற கறுப்பினப் பெண்ணாக முகத்திற் கரிபூசி நடித்தவர் ஒரு வெள்ளை நடிகை! நிறவெறியைக் கண்டித்த மேடையும் நிறவெறியினின்று விடுபட்டிருக்கவில்லை.

1930களின் பொருளாதார நெருக்கடி மேடையை மேலும் உலுக்கிற்று. வேலையிழந்த கலைஞர்க்கு வேலையளிக்க 1935இல் அரசாங்கமே சமஷ்டி நாடகத் திட்டத்தைத் தொடக்கியது. அதன் ஆதரவில் மார்க் பிளிற்ஸ்ரைன் ஆக்கிய இசைநாடகம் 'த கிறேடில் வில் றொக்'. தொட்டில் ஆட்டங்காணும் என்பது அத்தலைப்பின் பொருள். உருக்குத் தொழில் நகரொன்றின் முதலாளி, பத்திரிகை, மதபீடம், பல்கலைக்கழகம், மருத்துவம் ஆகிய அனைத்தையும் விலைக்கு வாங்கி வைத்திருக்கின்றான். வறுமையால் உடலை விற்கும் பெண்ணுக்குச் சிறை. மனச்சாட்சியை விற்கும் பெரியோர்க்கு மரியாதை. இவர்களை எதிர்த்து நிற்பவன் ஒரு தொழிற்சங்க ஊழியன்.

இது வெறுங் கற்பனையன்று. 1937 மே 30இல் சிக்காகோவில் வேலைநிறுத்தஞ் செய்த உருக்குத் தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் பத்துப்பேர் மாண்டனர். நாடகம் மேடையேறவிருந்ததோ அடுத்த மாதத்தில். செலவுக் குறைப்பைக் காரணங் காட்டி, யூலை முதலாந் திகதிக்கு முன் புதிய நாடகம் எதுவும் தொடங்கலாகாது என வாஷிங்டன் கட்டளையிட்டது. அரங்கு பூட்டப்பட்டது; காட்சிப் பொருள்களும் உடைகளும் அரசாங்கச் சொத்தென உள்ளேயே முடங்கின.

யூன் 16ஆந் திகதி மாலை, நெறியாளர் ஓர்சன் வெல்ஸும் தயாரிப்பாளர் ஜோன் ஹவுஸ்மனும் வேறோர் அரங்கை வாடகைக்குப் பிடித்தனர். ஏறத்தாழ 20 தெருக்கள் தாண்டி மக்கள் அங்கு திரண்டனர். ஆனால் வேறொரு தடையும் இருந்தது: நடிகர் மேடையேறலாகாது என அவர்களது தொழிற்சங்கமே விதித்திருந்தது. தொழிற்சங்கத்தைப் போற்றும் நாடகத்துக்குத் தொழிற்சங்கமே தடையாயிற்று! இம்முரண்பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. வெறும் மேடையிற் பியானோவுடன் பிளிற்ஸ்ரைன் தனித்தமர்ந்து பாடத் தொடங்கினார். சிறிது நேரத்தில் பார்வையாளரிடையேயிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. நிவாரண ஊதியத்தையே நம்பியிருந்த ஒலிவ் ஸ்ரான்ரன், வேலை போகுமென்பதை அறிந்தும் எழுந்து தன் பாகத்தைப் பாடினார். அவரைத் தொடர்ந்து ஏனையோரும் இருந்த இடங்களிலேயே எழுந்தனர். மேடையேறத்தானே தடை, சபையில் நின்று பாடத் தடையில்லையே!

அதே ஆண்டு நவெம்பரில், பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினரே நடித்த 'பின்ஸ் அன்ட் நீடில்ஸ்' தொடங்கி, 1,108 முறை மேடையேறியது. தைப்பவர்கள் பாடினார்கள், நாடு கேட்டது. சமஷ்டி நாடகத் திட்டத்துக்கோ ஆயுள் நீடிக்கவில்லை. 1938இல் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் அதன் தலைவி ஹலி ஃபிளனகன் நின்றபோது, எலிசபெத் காலத்து நாடகாசிரியர் மார்லோவைப் பற்றி, அவர் கம்யூனிஸ்டா என வினவினார் ஓர் உறுப்பினர். 1939 யூனில் திட்டமே ஒழிக்கப்பட்டது. அறியாமைக்கு அதிகாரம் வாய்த்தால் விளைவது இதுவே.

போருக்குப் பின் எதிர்ப்புக் குரல் இனிமைப் பூச்சு ஏற்றது. 1949இன் 'சவுத் பசிபிக்', இனவெறுப்பு பிறவிக்குணமன்று, குழந்தைக்குப் புகட்டப்படுவது என்று பாடிற்று. அப்பாடலை நீக்குமாறு கூறப்பட்டபோதும் ஆசிரியர்கள் இணங்கவில்லை. 1953இல் ஜோர்ஜியாச் சட்டசபையினர் சிலர் அதில் மொஸ்கோவின் கையைக் கண்டனர். ஆயினும் ஆசியப் பெண்ணைக் காதலித்த வெள்ளை இராணுவ அதிகாரி கதையிற் போரில் மடிந்துவிடுகின்றான்; அம்மணத்தை மேடை காணவேண்டியதில்லை! சந்தையோடு செய்துகொண்ட சமரசம் இதுவெனக் கூறலாம்.

எனினும் பாட்டின் பொருளை முடிவு செய்பவர் ஆசிரியரும் நுழைவுச்சீட்டு விற்பவரும் மட்டுமல்லர். 'ஷோ போட்'டின் கறுப்பினச் சுமைத் தொழிலாளி, மனிதத் துயரைப் பொருட்படுத்தாது ஓடும் ஆற்றைப் பார்த்துக் களைத்துப் பாடுகின்றான். 1928இல் லண்டனில் அவ்வேடமேற்ற பால் ரோப்சன், பின்னர் தம் கச்சேரிகளில் அக்களைப்பை நீக்கிப் போராடும் உறுதியைப் புகுத்திப் பாடினார். 1950இல் அவரது கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது, 1958இலேயே மீண்டது. பாடகனை நாட்டுக்குள் அடைக்க முடிந்தது. மாற்றிப் பாடிய பாட்டைப் பழையபடி ஆக்க முடியவில்லை. கேளிக்கை என்று தள்ளிவிட்டால், அக்கேளிக்கைக்குள்ளேயே எழுந்து நின்றவர்களையும் நாம் தள்ளிவிடுகின்றோம்.