1,189 டாக்டர்களும் ஒரு வேட்பாளரும்

இன்ஸ்டாவைத் திறந்தா, ஏதாவது ஒரு தலைவரோட படத்தைப் போட்டு, "இவர் ஐ.என்.டி.ஜே., அவர் ஈ.என்.எஃப்.பி."ன்னு நாலு எழுத்தை ஒட்டியிருப்பாங்க. எனக்கும் அந்த விளையாட்டு பிடிக்கும். ஆனா மனநல மருத்துவம் படிச்சவங்களே, அதுவும் தேர்தல் நேரத்துல இதை விளையாடினா? 1964-ல் அமெரிக்காவில் அது நடந்தது.

அந்த வருஷம் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர், அரிசோனா செனட்டர். அணு ஆயுதம் பற்றி அவர் பேசிய விதம் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. ‘ஃபேக்ட்’ பத்திரிகையை நடத்திய ரால்ஃப் கின்ஸ்பர்க், 12,356 மனநல மருத்துவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: அதிபராக இருக்க கோல்ட்வாட்டருக்கு மனத்தகுதி உண்டா?

2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர் ‘இல்லை’ என்றார்கள். 657 பேர் ‘உண்டு’ என்றார்கள். மீதி 571 பேர், முடிவு சொல்லும் அளவுக்குத் தங்களிடம் விவரம் இல்லை என்றார்கள்.

அட்டையில் வந்தது எந்த எண்? 1,189 மட்டும்தான். கேள்வி போய்ச் சேர்ந்தவர்களில் பத்தில் ஒருத்தர்கூட இல்லை, கவனிச்சீங்களா? உள்ளே சிலர் அவரை ஹிட்லரோடு ஒப்பிட்டிருந்தார்கள். அவரை நோயாளியாக உட்கார வைத்துப் பரிசோதித்துச் சொன்ன பதில்கள் இல்லை இவை. பேப்பரிலும் டிவியிலும் பார்த்ததை வைத்துச் சொன்னவை.

கோல்ட்வாட்டர் அவதூறு வழக்கு போட்டு ஜெயித்தார். நஷ்டஈடு 1 டாலர். தண்டனையாக 75,000 டாலர். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: நேரில் பரிசோதிக்காமல், அனுமதி வாங்காமல், பொது வாழ்க்கையில் இருப்பவரின் மனநிலை பற்றி மருத்துவராகக் கருத்து சொல்லக் கூடாது. இன்றைக்கும் அதன் செல்லப்பெயர் ‘கோல்ட்வாட்டர் விதி’.

அப்போ தலைவர்களை எடை போடவே கூடாதா? தாராளமா போடலாம். அதே 1964 ஜூனில், ஹோட்டலிலும் வேலையிலும் நிறவெறிப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் ஓட்டெடுப்புக்கு வந்தது. கோல்ட்வாட்டர் அதற்கு எதிராக ஓட்டுப் போட்டார். இதைத் தெரிந்துகொள்ள அவர் மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், செனட் பதிவேடு போதும். எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இதுதான். ‘மனநோய்’ என்று சொன்னவுடன் அவருடைய அரசியல் முடிவு வியாதியாகிவிடுகிறது. வியாதிக்காரரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? நிஜமாகவே மனநோயோடு வாழ்கிறவர்களுக்கு அது வசைச்சொல்லாக வேறு திரும்பி வருகிறது.

நவம்பரில் கோல்ட்வாட்டர் ஜெயித்தது ஆறே மாநிலங்களில். அதில் ஐந்து, அந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த தென்பகுதி மாநிலங்கள். அவர் போட்ட ஓட்டு என்னன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருந்தது.

அதனால, அடுத்த தடவை ஒரு தலைவருக்கு நாலு எழுத்து ஒட்டுறதுக்கு முன்னாடி, அவர் எதுக்கு ஓட்டுப் போட்டார்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.