கோட்டையிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு வந்த கொடி



"டீச்சர், பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் நாள் முழுக்க டிவிதான். சுதந்திர தினத்தை வீட்டில் எப்படிக் கொண்டாடுவது?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் வரலாறு. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது!

நம் செங்கல்பட்டிலிருந்தே தொடங்குவோம். 1752-இல் இங்குள்ள கோட்டையை ராபர்ட் கிளைவ் பிடித்தார். 1763-இல் ஆற்காடு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையையே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டார். இங்கே உழுதவர்களை யாரும் கேட்கவில்லை. ஊரைக் கேட்காமலே ஊர் கைமாறியது.

அப்படிப் போனதைத் திரும்பப் பெற எத்தனை பாடு! 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் மக்கள் கூடிக் கொடியேற்றி, முழு விடுதலைக்கு உறுதிமொழி எடுத்தார்கள். அதன்பின் 1947 வரை ஜனவரி 26-தான் சுதந்திர தினம். சுதந்திரம் வருவதற்கு முன்பே அதற்கு விழா எடுத்தவர்கள் நம்மவர்கள்! அந்தத் தேதியை மறக்கக்கூடாது என்றுதான் 1950-இல் குடியரசு தினத்துக்கும் அதே நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்திச் சென்ற குமரன் போலீஸ் தடியடியில் விழுந்து, மறுநாள் உயிர் நீத்தார். அதே மாதம் 26-ஆம் தேதி, சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் பாஷ்யம் என்கிற ஆர்யா துணிந்து ஏறி, ஆங்கிலேயர் கொடி பறந்த இடத்தில் நம் கொடியைக் கட்டினார். 1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் நம் கொடி முறைப்படி ஏறியது. அந்தக் கொடியை இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 15-இல் கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுவது 1974-இல்தான் தொடங்கியது. மாநில முதல்வர்களுக்கு அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் கலைஞர். சாதாரணக் குடிமக்கள் வருடத்தின் எல்லா நாளும் வீட்டில் கொடியேற்றலாம் என்ற நிலை 2002 ஜனவரி 26-இல்தான் வந்தது. அதுவரை குறிப்பிட்ட சில தேசிய நாட்களில் மட்டுமே அனுமதி. ஆக, உங்கள் மாடியில் பறக்கும் கொடி சும்மா வந்ததல்ல.

இனி நீங்கள் கேட்ட யோசனைகள்.

ஒன்று: கொடியைக் கடையில் வாங்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள். நீளமும் அகலமும் 3:2. மூன்று பட்டைகளும் ஒரே அளவு, காவி மேலே. சக்கரத்தில் 24 ஆரம். என் பேரன் போன வருடம் 16 போட்டுவிட்டு, "பாட்டி, இடம் பத்தலை" என்றான். பாகைமானியை எடுத்துக்கொடுத்து, ஆரத்துக்கு ஆரம் 15 பாகை என்று சொன்னேன். கணக்குப் பாடமும் ஆயிற்று.

இரண்டு: 1947-இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் பிள்ளைகளை அழைத்துப்போய், "அன்றைக்கு எங்கே இருந்தீங்க? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் குரல்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

மூன்று: மாலையில் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடாமல் இன்னும் கொஞ்சம் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் வரை போங்கள். அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், சித்திரம் செதுக்கிய கல்லறைகளும் இருக்கின்றன. நம் நெசவாளர்களின் துணியைத் தேடி வந்தவர்கள் அவர்கள். "துணி வாங்க வந்தவருக்குக் கோட்டை எதற்கு?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நான்கு: இது ஆகஸ்ட் 16 காலை வேலை. தெருவிலும் கடற்கரையிலும் கிடக்கும் காகித, பிளாஸ்டிக் கொடிகளை யார் அதிகம் எடுத்து வருகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள். கொடி தரையில் கிடக்கக்கூடாது என்பது சட்டம். குப்பைத்தொட்டியில் போடாமல், வீட்டில் வைத்து மரியாதையாக அப்புறப்படுத்துங்கள். ஜெயித்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும்போது திருப்பூர் குமரனின் கதையைச் சொல்லுங்கள். ஏன் குனிந்து எடுத்தோம் என்பது அப்போது புரியும்.

தாத்தா பாட்டிகளிடம் எடுத்த பதிவுகளை எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனைவருக்கும் சுதந்திர தின வாழ்த்துகள்!